தராசு ஏறிய சாப்பாடு: குழந்தைகளின் வலிப்பு நோய்க்கு உணவு மருந்தான வரலாறு

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, "நம்ம காலத்து விடுதிச் சாப்பாட்டைப் பத்தி எழுதுங்களேன்" என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொரு சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். கிராம் கணக்கில் தராசில் வைத்து நிறுத்து, ஒரு சொட்டு எண்ணெயைக்கூடத் தட்டில் விடாமல் வழித்துச் சாப்பிட வேண்டிய சாப்பாடு அது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோயால் துன்பப்படும் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சாப்பாடு. நூறு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்து, நடுவில் ஏறக்குறைய மறந்தே போய், மறுபடியும் தேடி எடுக்கப்பட்ட வைத்தியம். அதன் வரலாற்றில் விஞ்ஞானம் படிக்கிற நம் மாணவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மலையிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

எங்கள் ஊர் பண்ணைக்காடு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் பாதி வழியில் பிரிந்து போனால் வரும் சிறு பேரூராட்சி. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் என்று நாங்கள் சொல்லும் வெண்ணெய்ப்பழம், இவைதான் எங்கள் பிழைப்பு. இந்தப் பட்டியலில் உள்ள இரண்டு பழங்கள் பின்னால் கதைக்குள் வரப்போகின்றன. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முயலகன் என்னும் நோய்

ஆடவல்லானின் வலது காலின் கீழே கிடக்கிற குள்ள உருவத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனுக்குத் தமிழில் முயலகன் என்று பெயர், வடமொழியில் அபஸ்மாரன். இரண்டுமே வலிப்பு நோய்க்கும் பெயர்கள். நோயையே ஓர் உருவமாக்கி இறைவன் காலடியில் வைத்தார்கள் நம் முன்னோர்கள்.

பெரிய புராணத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய். எந்த வைத்தியத்துக்கும் அடங்கவில்லை. தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில், இறைவன் முன்னிலையில் கொண்டுவந்து கிடத்திவிடுகிறான். அப்போது அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் எழுந்து நடக்கிறாள். திருச்சிக்கு அருகே இன்று திருவாசி என்று வழங்கும் ஊர்தான் அது. நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் தகப்பனின் நிலை. கையில் இருந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "இனி என்னால் ஆகாது" என்று பிள்ளையைக் கிடத்திய ஒரு மலைநாட்டுத் தகப்பன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆன பிறகும் அவனைப் போன்ற பெற்றோர் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

பழைய வைத்திய நூல்களிலும் இந்த நோய் உண்டு. சரக சம்ஹிதையில் அபஸ்மார சிகிச்சைக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அதில் பஞ்சகவ்ய நெய் போன்ற நெய் மருந்துகள் சொல்லப்படுகின்றன. "அப்போதே நெய் வைத்தியம் நம்மிடம் இருந்தது பார்" என்று யாராவது சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த நெய் மூலிகைச் சாரத்தைக் கொண்டு சேர்க்கிற ஊர்தி. சோற்றையும் மாவையும் ஏறக்குறைய முழுவதும் விலக்கிவிட்டுக் கொழுப்பையே உணவாக்கும் முறை அல்ல. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்று நம் கல்லூரி வேதியியல் வகுப்பில் படித்ததுதானே!

கிராமத்து வழக்கம் என்ன? "காக்காய் வலிப்பு" என்று பெயர் வைத்தோம். கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தோம். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தோம், செருப்பை முகரச் சொன்னோம். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும்; பெருமை சாவிக்கொத்துக்குப் போய்விடும். "என்ன பாவம் பண்ணுச்சோ பிள்ளை" என்று ஒரு வார்த்தையும் சேரும். நோயைவிட அந்த வார்த்தைதான் பிள்ளையை அதிக நாள் படுத்தும்.

பட்டினியில் தொடங்கியது

"இலங்கணம் பரம ஔஷதம்" என்பது நம் வீடுகளில் கேட்ட பழமொழி. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதைக் கிரேக்க மருத்துவர்களும் பழங்காலத்திலேயே கவனித்திருந்தார்கள். ஆனால் மருத்துவ ஏடுகளில் முறையாகப் பதிவானது 1911-ல். பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த குவெல்பா, மாரி என்ற இருவர், இருபது வலிப்பு நோயாளிகளுக்குப் பட்டினியும் குறைந்த உணவும் கொடுத்துப் பார்த்து, நோயின் கடுமை தணிந்ததாக எழுதினார்கள்.

அடுத்த காட்சி அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் ஹ்யூ காங்க்ளின் என்ற ஆஸ்டியோபதி வைத்தியர் இருந்தார். குடலில் ஊறும் ஒரு விஷம் மூளைக்கு ஏறுவதால்தான் வலிப்பு வருகிறது என்பது அவருடைய கொள்கை. ஆகவே குடலுக்கு ஓய்வு கொடுக்க, பதினெட்டு நாள் முதல் இருபத்தைந்து நாள் வரை வெறும் தண்ணீரில் நோயாளிகளைப் பட்டினி போட்டார். கொள்கை தவறு. ஆனால் குழந்தைகள் பலருக்கு வலிப்பு நின்றது உண்மை. தவறான காரணத்துக்காகச் செய்த காரியம் சரியான பலனைத் தருவது விஞ்ஞான வரலாற்றில் புதிதல்ல. அந்தப் பலனை யார் எடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சோதித்துப் பார்க்கச் சொன்னவர் ஒரு தகப்பனார்தான். நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த சார்லஸ் ஹவுலண்ட் தம் மகனை காங்க்ளினிடம் காட்டினார். அவருடைய சகோதரர் ஜான் ஹவுலண்ட், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவப் பேராசிரியர். 1919-ல் சார்லஸ் அவரிடம் 5,000 டாலர் கொடுத்து, "பட்டினி எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடியுங்கள்" என்றார். 1921-ல் கெய்லின் என்ற மருத்துவர் பட்டினி வைத்தியத்தின் பலன்களை அமெரிக்க மருத்துவச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். ஹார்வர்டில் கோப், லெனாக்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து, பட்டினி தொடங்கி இரண்டு மூன்று நாளில் வலிப்பு குறைகிறது, அதாவது உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கும் சமயத்தில்தான் மாற்றம் வருகிறது என்று கண்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். பட்டினி எத்தனை நாளைக்கு? சாப்பிட ஆரம்பித்ததும் வலிப்பு திரும்பி வந்துவிடுகிறதே! வளரும் பிள்ளையை ஆயுள் முழுவதும் பட்டினி போட முடியுமா?

நாலுக்கு ஒன்று

விடை 1921-ல் மேயோ மருத்துவமனையிலிருந்து வந்தது. ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் இப்படி யோசித்தார்: சோறும் மாவும் சர்க்கரையும் கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. அப்படியானால் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே, உடம்பைப் பட்டினி நிலையில் இருப்பதாக நம்பவைக்க முடியாதா? மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கொழுப்பை ஏராளமாகக் கொடுத்தால் போதுமே! இந்த முறைக்குக் கீட்டோஜெனிக் உணவு என்று அவரே பெயர் வைத்தார். அதே மருத்துவமனையின் பீட்டர்மன் 1920-களின் நடுவில் அளவுகளை வரையறுத்தார்: குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதியெல்லாம் கொழுப்பு.

இன்றும் மரபான முறையின் கணக்கு இதுதான். நாலு பங்கு கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மற்ற இரண்டும் கிராமுக்கு 4. நாலு கிராம் கொழுப்பில் 36, ஒரு கிராம் மற்றதில் 4, ஆக 40 கலோரி. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கலோரி கொழுப்பிலிருந்து மட்டும். ஒரு குழந்தைக்கு நாளைக்கு 1,000 கலோரி என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் கொழுப்பு, 25 கிராம் மற்றவை. அந்த இருபத்தைந்தில் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் பதினைந்து போனால், மாவுச்சத்துக்கு மிஞ்சுவது பத்தே கிராம்.

பத்து கிராம் என்றால் எவ்வளவு? ஒரு நடுத்தர இட்லியிலேயே சுமார் எட்டு கிராம் இருக்கும். ஒரு கைப்பிடிச் சோறு கணக்கைத் தாண்டிவிடும். எங்கள் மலைவாழைப்பழம் ஒன்றைச் சாப்பிட்டால் அன்றைய அளவு முடிந்தது. அந்த விருப்பாச்சிப் பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் சேர்த்துச் செய்யும் பழனிப் பஞ்சாமிர்தத்தை ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது. சாமி பிரசாதத்தைப் பிள்ளையின் உள்ளங்கையிலிருந்து வாங்கி அப்புறப்படுத்த வேண்டிய தாயின் மனசை நினைத்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது பழம். வெண்ணெய்ப்பழத்தில் நூறு கிராமுக்குக் கொழுப்பு சுமார் 15 கிராம். நார்ச்சத்து நீங்கலாக மாவுச்சத்து சுமார் 2 கிராம்தான். பழம் என்று பெயர் பெற்றவற்றில் இந்த உணவு முறைக்குள் தாராளமாக நுழையக்கூடியவை மிகச் சில. அவற்றில் இது முதன்மையானது. எங்கள் பக்கத்துத் தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இந்தப் பழத்தில் டி.கே.டி. 1 என்று ஒரு ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்று, "இதை யாரு திம்பா, சப்புன்னு இருக்கு" என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பழம்!

மாத்திரை வந்தது, தராசு பரணுக்குப் போனது

1938-ல் மெரிட், பட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஃபெனிடாயின் என்ற மருந்து வலிப்பைக் கட்டுப்படுத்துவதை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு முன்பே 1912 முதல் ஃபீனோபார்பிட்டால் புழக்கத்தில் இருந்தது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மருந்துகள் வந்தன. ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தால் முடிகிற காரியத்துக்கு, மூன்று வேளையும் தராசை வைத்துக்கொண்டு நிறுப்பார் யார்? உணவு வைத்தியம் பின்னுக்குப் போனது. அதைக் கற்ற உணவியலாளர்கள் குறைந்தார்கள். கற்காதவர்கள் அரைகுறையாகச் செய்தபோது பலன் தெரியவில்லை. பலன் தெரியாததால் "இது பிரயோசனமில்லை" என்ற பெயரும் வந்தது.

தாய்மார்களின் சிரமத்தைக் குறைக்க 1971-ல் ஹட்டன்லாக்கர் என்பவர் ஒரு வழி சொன்னார். தேங்காயெண்ணெயிலும் இயற்கையாக உள்ள நடுத்தரத் தொடர்க் கொழுப்பைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால் கீட்டோன் அதிகமாக உண்டாகும். அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சோறோ ரொட்டியோ அனுமதிக்கலாம் என்றார். அதுவும் பரவலாகவில்லை.

ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவரும், அவருக்குப் பின் ஜான் ஃப்ரீமனும், இவர்களோடு மில்லிசென்ட் கெல்லி என்ற உணவியலாளரும் பல பத்தாண்டுகள் இந்த முறையைக் கைவிடாமல் செய்து வந்தார்கள். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகள்தான். பேராசிரியர்களின் பெயர்களே வரலாற்றில் பெரிதாக எழுதப்படும். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வேளைக்கும் இத்தனை கிராம் க்ரீம், இத்தனை கிராம் வெண்ணெய் என்று பென்சிலால் கணக்கெழுதிய அந்த அம்மையார் இல்லாவிட்டால் இந்த வைத்தியம் புத்தகத்தோடு போயிருக்கும் என்றால் மிகையாகாது.

ஒரு தகப்பனார் நூலகத்துக்குப் போனார்

1993-ல் ஹாலிவுட் நகைச்சுவைப் பட இயக்குநர் ஜிம் ஆப்ரகாம்ஸின் மகன் சார்லிக்கு ஒரு வயதில் வலிப்பு தொடங்கியது. மருந்து மேல் மருந்து, மூளை அறுவை சிகிச்சையும் ஆயிற்று, பலனில்லை. பணத்துக்குக் குறைவில்லாத மனிதர். பெரிய மருத்துவர்கள் பலரிடம் காட்டியவர். கடைசியில் தாமே நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோதுதான் இந்த உணவு முறையைப் பற்றிப் படித்தார். பிள்ளையை ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குக் கொண்டுபோனார். உணவு முறை தொடங்கிய சில நாட்களில் சார்லியின் வலிப்பு நின்றது. ஐந்து ஆண்டுகள் அவன் அந்த உணவில் இருந்தான்.

"எழுபது வருஷமா இருக்கிற வைத்தியம், எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?" என்பதுதான் அந்தத் தகப்பனின் கோபம். அந்தக் கோபத்தை அவர் வேலையாக மாற்றினார். 1994-ல் மகன் பெயரில் சார்லி அறக்கட்டளையைத் தொடங்கினார். மருத்துவர்களுக்கும் உணவியலாளர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். 1997-ல் மெரில் ஸ்ட்ரீப் நடிக்க, இதே கருவில் ஒரு தொலைக்காட்சிப் படத்தையும் இயக்கினார். மறந்துபோன தராசு பரணிலிருந்து இறங்கியது. 2024-ல் அவர் காலமானபோது, உலகின் பல நாடுகளில் இந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

ஆயினும் ஒரு பையனின் கதை சான்றாகாது. விஞ்ஞானம் கேட்கும் கேள்வி: உணவு கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டீர்களா? அதற்கு 2008-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனைக் குழு பதில் சொன்னது. மருந்துக்கு அடங்காத 145 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து, உணவு முறையில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் அப்படி.

நம் நாட்டு அடுப்படியில்

மேல்நாட்டுக் குழந்தைக்கு க்ரீமும் பன்றி இறைச்சியும் சரி. சோறும் சாம்பாரும், சப்பாத்தியும் பருப்பும் தின்று வளரும் குழந்தைக்கு? நம் உணவின் அஸ்திவாரமே மாவுச்சத்து. பருப்பில் புரதம் இருந்தாலும் மாவும் கூடவே வருகிறது. சைவக் குடும்பமானால் இன்னும் கஷ்டம்.

1990-களின் பிற்பகுதியிலேயே மும்பையில் மருத்துவர் ஜனக் நாதன் இதை நம் உணவுக்கு ஏற்ப மாற்றிச் செய்யத் தொடங்கினார். இந்தியக் குழந்தைகளிடம் கண்ட பலன்களை அவரும் அவருடைய குழுவினரும் 2009-ல் இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அடுத்த பெரிய அடி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த எரிக் கோசாஃப் குழுவினர் 2003-ல் திருத்திய அட்கின்ஸ் முறை என்று ஓர் எளிய வழியை முன்வைத்திருந்தார்கள். அதில் மாவுச்சத்தை மட்டும் கறாராகக் கணக்கிட்டால் போதும். ஒவ்வொரு கவளத்தையும் நிறுக்க வேண்டாம். தொடக்கத்தில் பட்டினியும் வேண்டாம். எழுதப்படிக்க அதிகம் தெரியாத, தராசு வாங்க வசதியில்லாத தாய்மார்கள் உள்ள நாட்டுக்கு இதுவல்லவா பொருத்தம்! சுவாசினி சர்மா, ஷெஃபாலி குலாட்டி ஆகியோர் அடங்கிய குழு 102 குழந்தைகளை வைத்துச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டது. குறைந்தது மூன்று மருந்துகள் கொடுத்தும் தினசரி வலிப்பு வந்துகொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். மூன்று மாதத்தில், உணவு முறையில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மற்றவர்களில் 11.5 சதவீதம் பேருக்கு.

2020-ல் எய்ம்ஸ் குழு இன்னொரு கேள்வியை எடுத்தது: மரபான கீட்டோஜெனிக் முறை, திருத்திய அட்கின்ஸ் முறை, இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவுகளை மட்டும் கொடுக்கும் முறை, இந்த மூன்றில் எது மேல்? 170 குழந்தைகள், 24 வாரங்கள். நடுத்தரக் கணக்கில் வலிப்பு முறையே 66, 45, 54 சதவீதம் குறைந்தது. மூன்றாவது முறையில் பக்கவிளைவுகள் குறைவு. கறாரான முறைதான் பலனில் முன்னே நிற்கிறது. ஆனால் அதைப் பின்பற்ற முடியாத குடும்பத்துக்கும் வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வுகள் நம் நாட்டு அரசு மருத்துவமனையில், நம் நாட்டுக் குழந்தைகளிடம் நடந்தவை என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

நம் அடுப்படியிலும் இதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. தேங்காய், தேங்காய்ப்பால், நல்லெண்ணெய், நெய், முட்டை, பன்னீர், கீரை, வெள்ளரி, முட்டைக்கோஸ், எங்கள் மலையில் கொடிகொடியாகக் காய்க்கும் சௌசௌ. நெய்யில் வதக்கிய முட்டையும் கெட்டித் தேங்காய்ப்பால் விட்ட கீரையும் எந்த வீட்டில் செய்ய முடியாது?

விளையாட்டல்ல, வைத்தியம்

இதைப் படித்துவிட்டு எவரும் நாளைக் காலையில் பிள்ளைக்குச் சோற்றை நிறுத்திவிட்டு நெய்யை ஊற்ற வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இது மூளை நரம்பியல் அறிந்த மருத்துவரும் பயிற்சி பெற்ற உணவியலாளரும் சேர்ந்து நடத்த வேண்டிய சிகிச்சை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கொழுப்பை எரிக்கும் திறன் இருக்காது. அவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதனால் முன்கூட்டியே இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் அவசியம். மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல், கொழுப்பு அளவு உயர்தல், வளர்ச்சி மந்தப்படுதல் ஆகியவை வரலாம். கால்சியமும் வைட்டமின்களும் தனியாகக் கொடுக்க வேண்டும். சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பட்டை வைத்துப் பார்த்து வர வேண்டும். சளிக்குக் கொடுக்கும் இனிப்பு மருந்தில் உள்ள சர்க்கரைகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். பலன் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குக் கொண்டுவருவார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது முதல் வைத்தியம் அல்ல. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பு நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதே பல குழந்தைகளின் கேட்டுக்குக் காரணம். மருந்துக்கு அடங்காத மீதிப் பேருக்குத்தான் பெரும்பாலும் இந்த உணவு. மூளைக்குக் குளுக்கோஸைக் கொண்டுசெல்லும் வாகனமே பழுதான ஓர் அபூர்வப் பிறவி நோயில் இதுவே முதல் சிகிச்சை. அங்கே கீட்டோன்தான் மூளையின் சோறு.

நம் மலைக்கு எப்போது?

கடைசியாக, முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். இந்த வைத்தியத்தின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கண்டுபிடிப்பு மட்டும் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. எங்கே நிறுத்துக் கணக்கெழுதிச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தாரோ, அங்கே வைத்தியம் உயிரோடு இருந்தது. ஆள் இல்லாத இடத்தில், புத்தகத்தில் இருந்தும் செத்துப் போயிருந்தது. அமெரிக்காவில் நடந்தது இதுதான். பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பெரும்பாறையிலும் இருக்கும் ஒரு குழந்தைக்கு இந்தச் சிகிச்சை டெல்லியில் இருப்பதும் பால்டிமோரில் இருப்பதும் ஒன்றே.

ஆனால் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும் குறைபாடுகளில் வலிப்பு நோயும் ஒன்று. அங்கே கண்டறிந்த பிள்ளையை மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பெற்றோர் மறைக்காமல் சொன்னால்தான் அந்த ஏற்பாடு பலிக்கும். மறைப்பதற்குக் காரணமும் இருந்தது. 1999 வரை, வலிப்பு நோய் உள்ளவரின் திருமணத்தைச் செல்லாததாக்க இந்துத் திருமணச் சட்டத்திலேயே இடம் இருந்தது. அந்த ஆண்டு திருத்தத்தால் அது நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போன சொல் நம் வாயிலிருந்தும் போக வேண்டும்.

நம் கல்லூரியால் என்ன செய்ய முடியும்? பெரிய காரியம் எதுவும் வேண்டாம். மனையியலும் உணவியலும் படிக்கும் மாணவியர், ஒரு மருத்துவரின் மேற்பார்வையில், நம் ஊர்ச் சமையலுக்கு ஒரு அளவுப் பட்டியல் தயாரிக்கலாம்: ஒரு கரண்டி தேங்காய்த் துவையலில் எத்தனை கிராம் கொழுப்பு, ஒரு குழிக்கரண்டி கீரையில் எத்தனை கிராம் மாவு என்று, ஒரு தாய் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில். வேதியியல் மாணவர்கள் அளந்து கொடுக்கலாம். ஆசிரியர் வேலைக்குப் போன நம் பழைய மாணவர்கள், வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் கொடுக்கும்போது "இந்தப் பிள்ளைக்கு வேண்டாம், ஆனா இவனும் நம்ம கூடத்தான் உட்காருவான்" என்று சொல்லலாம். வலிப்பு வந்தால் சாவியைத் தேடாமல், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லா மாணவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் குறள்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியும் அளவைப் பற்றியுமே பேசுகின்றன. சாப்பாட்டைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவைத்தான் சொல்லித்தர ஆள் வேண்டும். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் மாணவ மாணவியரில் ஒருவர் அந்த ஆளாக வந்தால், அடுத்த சந்திப்பு மலரில் இந்தக் கட்டுரையின் தொடர்ச்சியை அவர் எழுதட்டும்.